முன்வாசல் வழியாகச் சிங்கப்பூர்

1

எங்கள் அறைப் பிள்ளைகளே,

நாங்கள் தங்கியிருக்கும் அறையில் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேருடைய பிள்ளைகள் நீங்கள், இந்தக் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் வரப்போகிறீர்கள். டிக்கெட் போட்ட நாளிலிருந்து உங்கள் அப்பாக்கள் ஒரு நிலையில் இல்லை. ஒருவர் பல் துலக்கும்போது பாடுகிறார். இன்னொருவர் புதுச் சட்டையை வாரம் இருமுறை இஸ்திரி போட்டு, போடாமலே மடித்து வைக்கிறார். செந்தில் மட்டும் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் போன டிசம்பர்ல குடும்பத்தக் கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டினீங்க. என்னென்ன பாக்கணும், எப்படிப் போகணும்னு பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். கோர்வையாக எழுத வராது. பேசுகிற மாதிரி எழுதுகிறேன். நடுவில் என் மானம் கப்பலேறிய கதை ஒன்றும் வரும். அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் மற்றதெல்லாம் வெறும் பேருந்து எண்ணாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

2

முதலில் என்னைப் பற்றி. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஒன்பது வருடமாக இங்கே ஏர்கான் வேலை. பெரிய கட்டடங்களில் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே தகரக் குழாய் ஓடும். குளிர்காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அதைப் பூட்டுவது, கழுவுவது, ஒழுகினால் அடைப்பது என் வேலை.

என் மகள் யாழினிக்கு இப்போது பதினைந்து. நான் விமானம் ஏறியபோது ஆறு. வளர வளர போனில் பேச்சு சுருங்கிவிட்டது. "சாப்டியாம்மா?" என்றால் "ம்". "ஸ்கூல் எப்படி?" என்றால் "நல்லாருக்குப்பா". அப்புறம் போன் தம்பி முகிலன் கைக்குப் போய்விடும். ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் போனை விடாமல் வைத்திருப்பாள். இந்த ஊரைப் பற்றி நான் சொன்னால். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் சொன்னேன். கடலோரத்தில் ஒரு பெரிய வளாகம், கண்ணாடிக் கூரை, நடுவில் மேலிருந்து கீழே கொட்டும் தண்ணீர், மொட்டை மாடியில் தோட்டம், அங்கிருந்து பார்த்தால் கப்பல்கள். "அப்பா அங்க போனேன், நின்னேன், பாத்தேன்" என்று சொன்னேன். அவள் கேள்வி கேட்பாள். நான் பதில் சொல்வேன். சில நேரம் அரை மணி நேரம்கூட ஓடும்.

போன டிசம்பரில் அவர்கள் விமானத்தில் ஏறிய அன்று எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

3

சரி, இனிக் குறிப்புகள்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். விசா விஷயத்தை உங்கள் அப்பாக்கள் பார்த்துக்கொள்வார்கள். பபிள்கம் கொண்டு வராதீர்கள். உறவுக்காரர் யாராவது பையில் புகையிலைப் பொட்டலம் வைத்தால், அழுதாலும் எடுத்துக் கீழே போடுங்கள்.

விமான நிலையத்திலேயே ரயில் இருக்கிறது. எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி நீல நிறத் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பயண அட்டையைத் தட்ட வேண்டும். பேருந்திலும் அப்படித்தான். இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு வைத்துவிடும். முகிலன் இதைக் கேட்டதிலிருந்து எல்லாக் கதவையும் தட்டினான். தங்கும் விடுதிக் கதவையும் தட்டினான்.

ரயிலில் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணீரும் கூடாது. அவன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபோது எதிரே இருந்த சீனப் பாட்டி சுவரில் இருந்த படத்தைக் காட்டி, அவன் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். பொட்டலம் உள்ளே போய்விட்டது. ஒரு முறுக்கு மட்டும் ஏற்கெனவே வாய்க்குள் இருந்தது. லிட்டில் இந்தியா வரும்வரை அவன் அதைக் கடிக்காமல் உப்பிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தான்.

நகரும் படிக்கட்டில் இடது பக்கம் நில்லுங்கள். வலது பக்கம் அவசரக்காரர்களுக்கு. இந்த ஊர்ப் படிக்கட்டுக்கு வேகம் அதிகம். என் மனைவி செல்வி முதல் படிக்கட்டின் முன்னால் நின்று மூன்று பேருக்கு வழிவிட்டாள், பிறகு ஒரு குடும்பத்துக்கு, பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கே வழிவிட்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைத்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும், "இன்னொரு தடவ போலாங்களா?" என்றாள். மூன்று தடவை போனோம்.

4

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கூடத்தில் காலி மேசை மேல் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அங்கே உட்காராதீர்கள். யாரோ இடம் பிடித்துவிட்டு சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இங்கே கைப்பையைக்கூட வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் தொடமாட்டார்கள். நான் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். செல்வி அந்தப் பொட்டலத்தைப் பார்த்து, பாவம் யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கடை கடையாக விசாரித்தாள். திரும்பி வந்தபோது மேசையருகே ஒருவர் இரண்டு கையிலும் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வி பொட்டலத்தை நீட்டி, "உங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்று தமிழில் சொன்னாள். அவர் மலாய்க்காரர். என்ன புரிந்ததோ, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நகர்ந்து எங்களுக்கும் இடம் கொடுத்தார்.

சாப்பிட்ட தட்டை நாமேதான் எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், ஆளுக்கொரு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். பார்சலுக்குத் 'தபாவ்' என்று சொன்னால் போதும்.

இரண்டடுக்குப் பேருந்தில் மேலே முதல் வரிசை காலியாக இருந்தால் ஓடுங்கள். அதுதான் இந்த ஊரிலேயே நல்ல இருக்கை. மரக்கிளைகள் முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் விலகும். முகிலன் தன் கையில் ஸ்டீயரிங் இருப்பதாக நினைத்து ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்தான். செல்வியும் சாய்ந்தாள். கவனித்தபோது நானும் சாய்ந்திருந்தேன். யாழினி மட்டும் நேராக உட்கார்ந்து, நான் எத்தனை தடவை "கேன் லா" சொல்கிறேன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் 'சரி, ஆகட்டும்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். மத்தியானத்துக்குள் விரல் தீர்ந்துவிட்டது. "தமிழ்ல பேசும்போதும் கேன் லாதான் சொல்றீங்கப்பா" என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது.

அன்று முழுக்க நான் பேசியபடியே இருந்தேன். இந்தக் கட்டடத்தில் நாற்பது மாடி, அந்தக் கட்டடத்தில் குளிர் இயந்திரம் மொட்டை மாடியில், இதில் அடித்தளத்தில். யாழினி போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எல்லாம் நான் ஒன்பது வருடமாகச் சொன்ன இடங்கள். முதல் வரியில் கண்ணாடிக் கூரை வளாகம். அதை நான் மூன்றாம் நாளுக்குத் தள்ளியிருந்தேன்.

5

மூன்றாம் நாளும் வந்தது. மரினா பே பக்கம் சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் சிலையைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. அங்கே எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நின்று, சிலை கக்கும் தண்ணீர் தங்கள் வாயில் விழுவதுபோல் படம் எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம். செல்வியின் படத்தில் தண்ணீர் காதில் விழுகிறது.

அங்கிருந்து கடலோரமாக நடந்து வளாகத்துக்குப் போனோம். யாழினி போனில் வரைபடத்தைத் திறந்தாள். "உள்ள வை அத. அப்பாவுக்குத் தெரியாத வழியா?" என்றேன். அவள் உள்ளே வைத்தாள்.

முன்னால் நான், பின்னால் மூன்று பேர். கண்ணாடி வாசல் ஒன்றைத் தாண்டிப் போனோம். என் கண்ணில் அது படவேயில்லை. கால் தானாகப் பக்கச் சந்தில் திரும்பியது. சரிவில் இறங்கியது. லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும் இடம், குப்பைத் தொட்டி வரிசை, மீன் பெட்டி, ஈரத் தரை. நான் இன்னும் பேசிக்கொண்டேதான் போனேன். சரிவின் முடிவில் காவலர் கூண்டு. பையிலிருந்து வேலை அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். அட்டையைக் கொடுத்தால் உள்ளே போகும் பாஸ் தருவார்கள். ஒன்பது வருடமாக எத்தனையோ கட்டடத்தில் அப்படித்தான்.

கூண்டில் இருந்தவர் இந்த ஊர்த் தமிழ் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூ வைத்த செல்வியையும், கறுப்புக் கண்ணாடி போட்ட முகிலனையும் பார்த்தார்.

"எந்த மாடிலண்ணே வேல?"

"வேல இல்லக்கா. ஃபேமிலி. சுத்திப் பாக்க வந்தோம்."

"அதுக்கு ஏன் இங்க வந்தீங்க? இது சாமான் இறக்குற இடம் லா. முன்னாடி கண்ணாடிக் கதவு இருக்கு, அது வழியா போங்க. அட்டையெல்லாம் வேணாம்."

அவர் அட்டையை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். முகிலன் சுற்றும் பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணி கொட்டும்னு சொன்னது இதுவா?" என்று ஒரு ஒழுகும் குழாயைக் காட்டினான்.

யாழினி என்னையே பார்த்தாள். அவளுக்குக் கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண். கூட்டிப் பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

6

சரிவில் திரும்பி ஏறும்போது செல்வி, சரிவு நல்ல வழவழப்பாகத்தான் இருக்கிறது என்று எதையோ சொன்னாள். மேலே வந்ததும் யாழினி நின்றாள்.

"முன் வாசல் வழியா நீங்க வந்ததே இல்லையாப்பா?"

பொய் சொல்ல ஒரு நொடி நேரம் இருந்தது. முன் வாசலை மாற்றிவிட்டார்கள், முன்பு இந்தப் பக்கம்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை கேட்கிற மாதிரியே காதைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப தண்ணி கொட்டுறது, தோட்டம், கப்பல்?"

உட்கார்ந்து சொன்னேன். அங்கே ஒரு சிமெண்ட் திண்டு இருந்தது. உள்கூரையில் காற்று வருவதற்குச் சதுரமாகத் தகரச் சல்லடை வைத்திருப்பார்கள். அதன் மேலே படுத்து வேலை செய்யும்போது கீழே எல்லாம் தெரியும். தண்ணீர் தெரியும், ஆட்களின் உச்சந்தலை தெரியும். வழுக்கை, கொண்டை, தொப்பி. ஒரு குழந்தை மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக் கையாட்டியது. தோட்டமும் கப்பலும் மொட்டை மாடி இயந்திரங்களுக்கு நடுவே இருக்கிற கம்பி வேலி வழியாக. பார்த்தது எல்லாம் உண்மை. நின்ற இடம்தான் வேறு.

"லீவு நாள்ல வந்திருக்கலாம்ல? டிக்கெட்டா?"

டிக்கெட் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். அது எனக்கும் தெரியும். வந்த முதல் வருடம் ஒரு கட்டடத்தில் வேலை முடிந்து, தாகத்துக்கு ஏதாவது வாங்கலாம் என்று வேலைச் சட்டையோடு முன் வாசலில் நுழைந்தேன். வெளியே மழை. பளிங்குத் தரையில் என் பூட்ஸ் தடம் வரிசையாக விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து என் கால் வரை சேறு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே ஒருவரும் சொல்லவில்லை. நானே திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு முன் வாசல் பக்கம் போனால் யாராவது 'என்ன வேண்டும்' என்று கேட்பார்களோ என்று இருக்கும். கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

"பயமாப்பா?"

"பயந்தாம்மா."

அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, சரிவில் அப்பியிருந்த ஈரத்தை என் செருப்பிலிருந்து துடைத்தாள். தம்பியின் செருப்பையும் துடைத்துவிட்டு அவனிடமே கைக்குட்டையைக் கொடுத்து, "அம்மாவோடதையும் தொடைச்சு விடு" என்றாள். பிறகு சொன்னாள்: "ஒன்பது வருஷமா நீங்க சொல்லி நான் கேட்டேன். இப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க. நேரா நடங்க. முன்னாடி நீங்கதான்."

கண்ணாடிக் கதவு எங்களுக்காகத் தானாகத் திறந்தது. அதற்கு ஆள் பார்த்துத் திறக்கத் தெரியாது. குளிர் முகத்தில் அடித்தது. நான் பூட்டிய குழாயின் குளிர் எனக்கே முதல்முறையாகக் கீழே நின்று கிடைத்தது. கொஞ்சம் அதிகம்தான், நீங்கள் வரும்போது ஆளுக்கொரு துண்டோ சால்வையோ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் நான் சொன்னதைவிட உயரத்திலிருந்து கொட்டியது. முகிலன் அதைச் சுற்றி ஓடினான். செல்வி நகரும் படிக்கட்டில் கைப்பிடி பிடிக்காமல் ஏறினாள். யாழினி அண்ணாந்து அண்ணாந்து எந்தச் சல்லடை என்று கேட்டாள். நான் காட்டியதும், நாலு பேரும் வரிசையாக நின்று அதைப் பார்த்துக் கையாட்டினோம். மேலே யாராவது படுத்திருக்கலாம் அல்லவா. எங்களைப் பார்த்து வழியில் போனவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று படம் எடுத்துக்கொண்டார்.

மொட்டை மாடித் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கப்பல்களை எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணத் தொடங்கி, முகிலனுக்கும் செல்விக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் சண்டை வந்து விட்டுவிட்டோம்.

7

இன்னும் சில. மழை சொல்லாமல் வரும், பத்து நிமிடத்தில் போகும். அதற்காக விடுதியில் அடைந்து கிடக்காதீர்கள். பல இடங்களில் நிலையத்திலிருந்து வீட்டுக் கட்டடங்கள் வரை கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. ஒருநாள் செங்காங் பக்கம் குட்டி ரயிலில் சும்மா ஒரு சுற்று சுற்றுங்கள். அதை ஓட்டுகிறவர் யாரும் கிடையாது. முன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கலாம். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இருப்போம். அங்கே தொலைந்துபோனால் பயப்படாதீர்கள், யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்கள் அப்பாவை போனில் பிடித்துவிடுவார்கள்.

8

குடும்பம் ஊர் திரும்பிய பிறகு யாழினி போனில் புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள். "இன்னைக்கு எந்தக் கட்டடம்? எந்த வாசல்?" பின் வாசல் என்றால், "சரி, ஞாயித்துக்கெழம முன் வாசல்" என்பாள். போன் தம்பி கைக்குப் போகவே அரை மணி ஆகிறது. அவன் கத்துகிறான்.

நீங்கள் வரப்போவதைப் பற்றியும் சொன்னேன். "அவங்க அப்பாங்க முன் வாசல் வழியா போயிருக்காங்களா?" என்று கேட்டாள். விசாரித்தேன். மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். "மொதல்ல அவங்களக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள். உத்தரவு.

ஆகவே போன ஞாயிறு நாங்கள் நாலு பேரும் போனோம். இதை எழுதாதீங்க என்று செந்தில் சொன்னார். இஸ்திரி போட்ட அந்தப் புதுச் சட்டை கடைசியில் வெளியே வந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பத்தடி முன்னால் செந்தில் நின்றுவிட்டார்.

"யாராச்சும் என்ன வேணும்னு கேட்டா என்னண்ணே சொல்றது?"

"பாக்க வந்தோம்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் லா."

கதவு திறந்தது. யாரும் கேட்கவில்லை. தண்ணீர் கொட்டுவதன் எதிரே நாலு பேரும் அண்ணாந்து பார்த்து நின்றோம். அப்போது ஒரு குடும்பம், வடக்கத்திக்காரர்கள், கையில் வரைபடத்தோடு நேராகச் செந்திலிடம் வந்தது. அவர் கை தானாக அட்டை இருக்கும் சட்டைப் பைக்குப் போனது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டதோ, மொட்டை மாடித் தோட்டத்துக்கு எந்த லிஃப்ட் என்று. செந்தில் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையை எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, இடது பக்கம் காட்டினார். நாங்கள் மூவரும் அதே நேரம் அதே பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எங்கே போகும் என்று எங்களைவிடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். செந்தில் அவர்கள் பின்னாலேயே லிஃப்ட் வரை நடந்து போய், பொத்தானையும் அழுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.